அக்காவின் குரலும் 48 வோல்ட்டும்

எழுத்தர் வேலையில் இருந்த முப்பத்துச் சொச்சம் வருஷமும் மைக் என்றால் எனக்கு ஒன்றுதான் தெரியும். சங்கக் கூட்டத்தில் தலைவர் விரலால் தட்டி "ஹலோ, ஹலோ" என்பாரே, அது. போன சித்திரையில்தான் இன்னொரு வகை இருப்பது தெரிய வந்தது.

முத்தியால்பேட்டையில் இருக்கும் என் அக்காவுக்கு வயது 81. தைராய்டு கட்டிக்கு ஆபரேஷன் என்று முடிவானது. "குரல் கொஞ்சம் மாறலாம்" என்று டாக்டர் முன்கூட்டியே சொன்னார். அக்கா கவலைப்படவில்லை. எனக்குத்தான் வயிற்றைப் பிசைந்தது. எங்கள் அம்மா பாடிய தாலாட்டுகள் முழுசாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதினாலும் அந்த இழுப்பை எப்படி எழுதுவது? கையில் எட்டு நாள் இருந்தது.

கடையில் "பாட்டுக்கு கண்டென்சர் மைக்தான் சார்" என்று ஒன்றைத் தலையில் கட்டினார்கள். வீட்டிலிருந்த பழைய ஆம்ப்ளிஃபயரில் செருகினேன். கப்சிப். திரும்பப் போனால், "பீஸ் நல்லாத்தான் இருக்கு, உங்க செட்டுதான் சரியில்ல" என்றார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. இரண்டு நாள் வீண்.

ராத்திரி தூக்கம் வராமல் யோசித்தபோது, பிரெஞ்சுப் பள்ளியில் படித்த "கொந்தான்சத்தேர்" நினைவுக்கு வந்தது. வாத்தியார் கரும்பலகையில் இரண்டு கோடு போடுவார். எதிரெதிரே இரண்டு தகடு, நடுவே காற்று, தகட்டில் மின்னூட்டம். மைக்கும் அதேதான். பின்தகடு அசையாது. முன்னால் இருப்பது தங்கம் பூசிய பிளாஸ்டிக் சவ்வு, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிசு. குரல் பட்டதும் சவ்வு அதிரும், இடைவெளி மாறும், அதற்கேற்ப மின்னழுத்தம் ஏறி இறங்கும். மேடை மைக்கில் சவ்வு ஒரு கம்பிச் சுருளையும் சுமந்துகொண்டு ஆட வேண்டும். இதற்கு அந்தச் சுமை இல்லாததால் மூச்சுவிடுவதுகூடப் பதியும். 1916-லேயே அமெரிக்காவில் வென்ட்டே என்பவர் இதைச் செய்துவிட்டார். பிரெஞ்சில் இதற்குப் பேச்சுவழக்கில் "மிக்ரோ ஸ்தாதிக்" என்று பெயர். அதிர்வதையே பிழைப்பாகக் கொண்டதற்கு அசையாத மைக் என்று பெயர் வைத்தவர்களை என்ன சொல்வது!

சரி, ஏன் பேசவில்லை? அக்கா மகன் வந்து பார்த்துச் சிரித்தான். "மாமா, இதுக்கு 48 வோல்ட் கரண்ட் குடுக்கணும்." உள்ளே ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயர் இருக்கிறதாம். சத்தம் வெளியே வரும் அதே ஒயரில்தான் கரண்ட் உள்ளே போக வேண்டும். என் பழைய செட்டில் அந்த வசதி கிடையாது. கடைக்காரர் இதை ஒரு மூச்சில் சொல்லியிருக்கலாம். நண்பனிடம் இரவல் வாங்கிய ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டியில் 48 என்று போட்டிருந்த பொத்தானை அமுக்கினான். மைக் உயிர் பெற்றது.

பெற்றதும் தொல்லை. ஃபேன், காக்கா, பக்கத்து வீட்டுக் குக்கர் எல்லாம் கச்சேரிக்கு வந்துவிட்டன. அக்காவோ மைக்கின் உச்சந்தலையைப் பார்த்துப் பாடினாள். இந்த மாதிரி மைக்குக்குக் காது பக்கவாட்டில், கம்பெனி முத்திரை இருக்கிற பக்கம். அதன் முதுகுப் பக்கம் அவ்வளவாகக் கேட்காது. அதனால் முதுகை ஜன்னல் பக்கம் திருப்பி, கொடியில் ஜமுக்காளம் தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்தி, அக்காவை ஒரு சாண் தள்ளி உட்கார வைத்தோம். "என்னடா, வேகவச்சே கொன்னுடுவ போலிருக்கே" என்றாள். ஆனாலும் பாடினாள்.

நாலு பாட்டு. மூன்றாவதில் ஒரு அடி மறந்து நின்றாள். அந்த அடி எனக்குத் தெரிந்திருந்தது, எப்படி என்று தெரியவில்லை. மூலையிலிருந்து முணுமுணுத்தேன். மைக் அதையும் பிடித்துவிட்டது. வெட்டிவிடலாம் என்றான் பையன். "இருக்கட்டும் விடு" என்றாள் அக்கா.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அக்கா இப்போது நன்றாகப் பேசுகிறாள், சண்டையும் போடுகிறாள். மேல் ஸ்தாயிக்கு மட்டும் குரல் ஏறுவதில்லை. போன வாரம் போயிருந்தபோது ஹெட்போனை மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக் கேட்டாள். முடிந்ததும், "அந்த மூணாவத இன்னொரு தடவ போடுடா" என்றாள்.