காஸ்: காயலான் கடையிலிருந்து மீண்ட ஊர்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், அப்பலாச்சிய மலைகளுக்கு நடுவே, கிரீன்பிரியர் ஆற்றங்கரையில் இருக்கிறது காஸ். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே குடியிருந்தவர்கள் 52 பேர். ஒரே அச்சில் வார்த்ததுபோல வரிசையாக வெள்ளை வீடுகள், வீட்டுக்கு வீடு வெள்ளை வேலி, ஒரு பெரிய கடை, ஒரு ரயில் நிலையம். ஊர் என்று பார்த்தால் அவ்வளவுதான். ஆனால் கோடையில் போனால் நிலையத்தில் கூட்டம் நிற்கும். நிலக்கரிப் புகையின் வாசம் ஊர் முழுக்க இருக்கும். நூறு வயதைத் தாண்டிய நீராவி எஞ்சின்கள் இங்கே மலை ஏறுகின்றன. அவை பிழைத்த கதைதான் இந்த ஊரின் கதை.

ஊரைப் பெற்றது ஒரு காகிதக் கம்பெனி. வெஸ்ட் வர்ஜீனியா பல்ப் அண்ட் பேப்பர் என்ற நிறுவனத்துக்கு வர்ஜீனியா மாநிலத்தின் கோவிங்டன் நகரில் காகித ஆலை இருந்தது. கூழுக்கு மரம் வேண்டும். காஸுக்கு அருகிலுள்ள சீட் மலையில் சிவப்பு ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரம் கோடரி படாமல் அடர்ந்து கிடந்தது. செசபீக் அண்ட் ஒஹையோ ரயில்வே ஆற்றோரமாகப் பாதை போட்டுக்கொண்டு 1900 கடைசியில் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தது. 1901-இல் ஊர் எழுந்தது. கம்பெனியின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஜோசப் கெர் காஸின் பெயரையே ஊருக்கும் வைத்தார்கள். அடுத்த ஆண்டு மர அறுவை மில் ஓடத் தொடங்கியது.

அந்த மில்லின் அளவைச் சொன்னால்தான் இப்போதைய அமைதியின் அளவு விளங்கும். 11 மணி நேர ஷிப்ட், நாளுக்கு இரண்டு, வாரத்துக்கு ஆறு நாள். ஒரு ஷிப்டில் 1,25,000 பலகை அடி மரம் அறுபட்டது. ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அங்குலக் கனம் கொண்ட துண்டுதான் ஒரு பலகை அடி. வாரக் கணக்கில் பார்த்தால் 15 லட்சம். பலகை உலர்த்தும் அறைகளில் மட்டும் 11 மைல் நீளத்துக்கு நீராவிக் குழாய் ஓடியது. 1908 முதல் 1922 வரை உச்சகாலம். மில்லிலும் காட்டிலுமாக 2,500 முதல் 3,000 பேர் வேலை செய்தார்கள்.

வீடு கம்பெனியுடையது, கடை கம்பெனியுடையது, தண்ணீரும் விளக்கும் கம்பெனி கொடுப்பது. கடையின் பெயர் போகஹோன்டாஸ் சப்ளை கம்பெனி. ஊசி முதல் அடுப்பு வரை எல்லாம் அங்கேயே கிடைக்கும். பற்றுக் கணக்கைச் சம்பளத்தில் கழித்துக்கொள்வார்கள். மேலதிகாரிகள் மேட்டில் இருந்த பெரிய வீடுகளில் குடியிருந்தார்கள். அந்த மேட்டைத் தொழிலாளர்கள் ‘பெரும்பூச்சி மேடு’ என்று கேலி செய்தார்கள். ஆற்றுக்கு அக்கரையில் இருந்த கிழக்கு காஸ், கம்பெனியின் பிடிக்கு வெளியே இருந்தது. மதுக்கடை, சூதாட்டம், விலைமாதர் விடுதி எல்லாம் அங்கேதான். மலை முகாம்களில் மாதக்கணக்கில் மரம் வெட்டிவிட்டுக் கையில் காசோடு இறங்கி வருகிற ஆட்களுக்கு அந்தக் கரை இரண்டு மூன்று நாளுக்குச் சொர்க்கம். பிறகு காலிப் பையோடு மறுபடியும் மலை.

மரத்தை இறக்குவது எப்படி? அதுதான் எல்லாருக்கும் தலைவலியாக இருந்தது. வழக்கமான ரயில் பாதையில் நூறு அடிக்கு இரண்டு அடி ஏறினாலே செங்குத்து என்பார்கள். இந்த மலையில் சில இடங்களில் நூறு அடிக்கு 11 அடி ஏற வேண்டும். மேலே கொண்டுபோன பாதையும் நிரந்தரமல்ல. ஒரு சரிவில் மரம் தீர்ந்ததும் தண்டவாளத்தைப் பெயர்த்து அடுத்த சரிவில் போடுவார்கள். நேர்த்தியான படுகை கிடையாது, வளைவுகள் எல்லாம் முறுக்கு வளைவுகள். சாதாரண எஞ்சினை இதில் விட்டால் சக்கரம் வழுக்கும். வழுக்காவிட்டால் தடம் புரளும்.

இதற்கு விடை கண்டவர் மிச்சிகன் மாநிலத்து மர வியாபாரி எஃப்ரைம் ஷே. தன் மரத்தைத் தானே இழுக்க வழி தேடியவர், 1881-இல் ஒரு காப்புரிமை வாங்கினார். ஷே எஞ்சினை இடப்பக்கமிருந்து பார்த்தால் கொதிகலனும் சக்கரமும்தான் தெரியும். ஏதோ கழற்றி வைத்த மிச்சம் போலிருக்கும். வலப்பக்கம் வந்தால் விஷயம் புரியும். ஓட்டுநர் அறைக்கு முன்னால் மூன்று சிலிண்டர்கள் நெட்டுக்குத்தாக நிற்கின்றன. அவற்றின் எடையைச் சரிக்கட்டத்தான் கொதிகலனை இடப்பக்கம் தள்ளி வைத்திருக்கிறார்கள். பிஸ்டன்கள் மேலும் கீழும் போய்வர, எஞ்சினின் முழு நீளத்துக்கும் ஓடும் ஒரு தண்டு சுழல்கிறது. அந்தத் தண்டு பல்சக்கரங்கள் வழியாக ஒவ்வொரு சக்கரத்தையும் திருப்புகிறது. தண்டு ஒரே துண்டாக இல்லாமல் இடையிடையே மூட்டுகளோடு இருப்பதால் வளைவில் எஞ்சின் வளைந்து கொடுக்கும். உருளும் சக்கரம் அத்தனையும் இழுக்கும் சக்கரம் என்பதால் வழுக்கல் குறைவு. பல்சக்கரம் வேகத்தைத் தின்று பலமாக்கித் தருகிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஓர் அதிவேக ரயில் பறப்பது போலச் சத்தம் படபடவென்று வரும். கண்ணைத் திறந்தால் ஆள் ஓடித் தாண்டிவிடும் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும்.

ஒஹையோ மாநிலத்தின் லைமா நகரத் தொழிற்சாலையில் 2,700-க்கும் அதிகமான ஷே எஞ்சின்கள் கட்டப்பட்டன. அவற்றில் 1905-இல் காஸுக்காகவே கட்டப்பட்ட 5-ஆம் எண் எஞ்சின் இன்றும் அதே மலையில், அதே பாதையில் ஓடுகிறது. மேற்கு வர்ஜீனியாவின் அதிகாரபூர்வ நீராவி எஞ்சின் என்ற பட்டத்தை மாநில அரசு அதற்குக் கொடுத்திருக்கிறது. மாநிலப் பறவை, மாநில மரம் என்கிற வரிசையில் எஞ்சினையும் சேர்த்த அந்த மனசு எனக்குப் பிடித்திருக்கிறது.

மரம் மட்டும் இந்த மலைப் பாதைகளின் சரக்கு அல்ல, பிறகு நிலக்கரியும் ஓடியது. மலைமேல் ஸ்ப்ரூஸ் என்றே ஓர் ஊர் இருந்தது. உயரம் 3,853 அடி. கூழுக்கு அனுப்பும் மரத்தின் பட்டையை உரிக்க அங்கே ஒரு மில் வைத்தார்கள். பள்ளிக்கூடம், கடை, தபால் நிலையம், தங்கும் விடுதி எல்லாம் உண்டு. சாலை மட்டும் கிடையாது. கடைசிவரை ரயிலில் போனால்தான் ஊர். மரம் தீர்ந்ததும் ஊர் காலியாக வேண்டியது. ஆனால் 1920-களின் பிற்பகுதியில் வெஸ்டர்ன் மேரிலாண்ட் ரயில்வே ஸ்ப்ரூஸ் வழியாகச் செல்லும் பிரதான பாதையை வாங்கியது. மேற்கே வெப்ஸ்டர் கவுன்டிப் பக்கத்து நிலக்கரி அந்த நிறுவனத்துக்குத் தேவைப்பட்டது. நிலக்கரி ரயில்களை ஏற்றத்தில் தள்ளிவிடும் துணை எஞ்சின்கள் ஸ்ப்ரூஸில் நிறுத்தப்பட்டன. டீசல் வந்ததும் அந்தப் பிழைப்பும் போனது. இன்று அங்கே ஒரு வீடுகூட இல்லை. நிலக்கரி ஓட்டமும் 1990-களில் நின்றுபோக, அந்தப் பாதையையும் பின்னர் மாநிலமே வாங்கிக்கொண்டது.

காஸ் மில்லை 1942-இல் மோவர் லம்பர் கம்பெனி வாங்கியது. அதற்குள் பழைய காடு தீர்ந்து, மறுபடி முளைத்த இளமரங்கள்தான் மிச்சம். அதை வைத்து இன்னும் 18 ஆண்டுகள் தள்ளினார்கள். 1960 ஜூலை 1-ஆம் தேதி மில் மூடப்பட்டது. பாதையும் எஞ்சின்களும் பழைய இரும்பாக விலைபோயின. காயலான் கடைக்காரரின் ஆட்கள் தண்டவாளத்தைப் பெயர்க்கவும் தொடங்கிவிட்டார்கள்.

இந்த இடத்தில்தான் ரஸல் பாம் வருகிறார். பென்சில்வேனியாவின் சன்பரியைச் சேர்ந்த ரயில் பிரியர். தண்டவாளம் பெயர்க்கப்படுவதைக் கண்டவர் சும்மா ஊர் திரும்பவில்லை. உள்ளூர் வியாபாரிகளைக் கூட்டினார், சட்டமன்ற உறுப்பினர்களைப் பார்த்தார். ‘இதை வைத்துச் சுற்றுலா ரயில் விடுங்கள்’ என்பதுதான் அவர் கோரிக்கை. தொழில் செத்துக்கொண்டிருந்த மலை மாவட்டத்தில் அது கிறுக்குத்தனமாகத்தான் பட்டிருக்கும். ஆனாலும் 1961-இல் மாநில அரசு பாதையையும் எஞ்சின்களையும் வாங்க ஒப்புக்கொண்டது. மரத்தடி ஏற்றிய தட்டை வண்டிகளின்மேல் கூரையும் பெஞ்சும் அமைத்து, 1963 ஜூன் 15 அன்று முதல் சுற்றுலா ரயிலை விட்டார்கள். முதல் பருவத்திலேயே ஏறத்தாழ 23,000 பேர் ஏறினார்கள். தொடக்கத்தில் நாலு மைல் தூரத்து விட்டேக்கர் வரைதான். 1968-இல் 11 மைல் தூரத்து பால்ட் நாப் சிகரத்துக்கும் ரயில் போனது. 1977-இல் ஊரையே அரசு வாங்கியது. தொழிலாளர் வீடுகளில் பல இப்போது பயணிகளுக்கு வாடகைக்கு விடப்படுகின்றன. கம்பெனிக் கடையில் சாப்பாடும் நினைவுப் பொருளும் விற்கிறார்கள்.

காப்பாற்றியதெல்லாம் தங்கவில்லை. 1972-இல் எஞ்சின் பட்டறை எரிந்தது. 1982-இல் மில்லே எரிந்துபோனது. 1985 நவம்பர் வெள்ளம் ஆற்றோரப் பாதையை அரித்துப் போட்டது. இதில் மில்லின் முடிவுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எஞ்சின்களும் மில்லும் ஒரே கம்பெனியின் சொத்து, ஒரே நாளில் ஓய்ந்தவை. எஞ்சின்களுக்கு 1963-இல் வேலை கிடைத்தது. மில்லுக்குக் கிடைக்கவில்லை, ஆளில்லாமல் நின்றது, எரிந்தது. இப்போது அங்கே துருப்பிடித்த இரும்பும் சுவர்த் துண்டுகளும்தான் இருக்கின்றன. வேலை கொடுக்காமல் வேலி மட்டும் போட்டுக் காப்பாற்றுவது காப்பாற்றுவதாகாது என்பது என் கட்சி.

ஓட்டிக் காப்பாற்றுவதற்கும் செலவு உண்டு. அமெரிக்க ரயில்வே விதிப்படி, நீராவி எஞ்சின் 1,472 நாள் ஓடினாலோ 15 ஆண்டு கழிந்தாலோ, எது முந்துகிறதோ அப்போது கொதிகலனை முழுதாகப் பிரித்துச் சோதிக்க வேண்டும். உதிரி பாகம் கடையில் கிடையாது. வார்த்தோ கடைந்தோதான் செய்ய வேண்டும். காஸின் பட்டறை இதைச் செய்கிறது. அப்பலாச்சியக் காடுகளில் ஓடிய பல்சக்கர எஞ்சின்கள் மூன்று வகை: ஷே, ஹைஸ்லர், கிளைமாக்ஸ். மூன்றும் இங்கே இருக்கின்றன. 1919-இல் கட்டப்பட்ட கிளைமாக்ஸ் பல பத்தாண்டுகள் பிரித்துப் போட்ட நிலையில் கிடந்தது. மவுன்டன் ஸ்டேட் ரயில்ரோடு அண்ட் லாகிங் ஹிஸ்டாரிக்கல் அசோசியேஷன் என்ற சங்கத்தின் தொண்டர்கள் விடாமல் முயன்று, அதை மறுபடி ஓட வைத்தார்கள். விட்டேக்கரில் ஒரு மரவெட்டி முகாமை மறுபடி அமைத்ததும் இவர்கள்தான். வெட்டிய மரத்தைக் கம்பி வடத்தில் இழுத்து வந்த ராட்சத லிட்ஜர்வுட் இயந்திரம் அங்கே நிற்கிறது.

நிலக்கரிச் சுரங்கப் பாதைக்காக வாங்கப்பட்ட எஞ்சின் ஒன்றும் உண்டு. ‘பிக் சிக்ஸ்’ என்பது செல்லப்பெயர், எடை 162 டன். 1945-இல் லைமா கட்டிய கடைசி ஷே இதுதான். மேரிலாண்டின் வின்டெக்ஸ் சுரங்கத்துக்குப் போகும் செங்குத்தான கிளைப் பாதைக்காக வெஸ்டர்ன் மேரிலாண்ட் வாங்கியது. சில ஆண்டுகளிலேயே அந்தக் கிளையில் வேலை நின்றது. கிட்டத்தட்டப் புதுசாகவே 1953-இல் பால்டிமோர் ரயில் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. காஸ்காரர்கள் ஒரு சிறிய ஷேயையும் இன்னொரு சின்ன எஞ்சினையும் கொடுத்து, 1980-களின் தொடக்கத்தில் அதை மாற்றிக்கொண்டு வந்தார்கள். அருங்காட்சியகத்தில் கால் நூற்றாண்டுக்கு மேல் சும்மா நின்றது, இங்கே வந்து மறுபடி மலை ஏறியது.

இரும்பைக் காப்பாற்ற ஆள் கிடைத்த அளவுக்கு மனிதர்களின் கதையைக் காப்பாற்ற ஆள் கிடைக்கவில்லை. அந்தக் குறையை ஓரளவு தீர்த்தவர்கள் இருவர். பள்ளி ஆசிரியர் டபிள்யூ. ஈ. பிளாக்ஹர்ஸ்ட் மரவெட்டிகளின் வாழ்வைக் கதைகளாக எழுதினார். காஸில் பிறந்து, பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியரான ராய் கிளார்க்சன் மாநிலத்தின் மரத்தொழில் வரலாற்றையும், காஸுக்கென்று தனியாக ஒரு நூலையும் எழுதினார். ஊர்க்காரரும் தாவரவியலாளருமான ஒருவர் எழுதியதால் எஞ்சினோடு காடும் அந்த வரலாற்றுக்குள் வந்தது. காடு மொட்டையானதும் காய்ந்த கிளைக் குவியல்களில் தீப்பிடித்தது, சில இடங்களில் மண்ணே எரிந்தது. இன்று சிவப்பு ஸ்ப்ரூஸ் மெல்ல மீண்டு வருகிறது. மேற்கு வர்ஜீனியாவின் உயரமான காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத சீட் மலை சாலமாண்டர் அந்த நிழலில்தான் பிழைத்திருக்கிறது.

ஆனாலும் பயணிகள் பார்க்கும் காஸ் மேற்குக் கரையின் காஸ்தான்: வெள்ளையடித்த, வேலி போட்ட, கம்பெனி விரும்பிய காஸ். பாதை போட வந்த இத்தாலியக் கூலிகளும், 11 மணி நேரம் கோடரி பிடித்த மரவெட்டிகளும், கிழக்குக் கரையின் பெண்களும் அந்த வீடுகளில் இருந்ததில்லை. வீடு நின்றதால் வீட்டுக்காரர் கதை நின்றது. கூடாரம் போட்டவர் கதை கூடாரத்தோடு போனது. இதை ஊரின் குற்றம் என்று சொல்ல மாட்டேன். எதை மிச்சம் வைக்கிறோமோ அதன் கதைதான் மிஞ்சும்.

2015-இல் நிர்வாகம் மாநில ரயில் ஆணையத்துக்கு மாறியது. ரயிலை டர்பின் அண்ட் கிரீன்பிரியர் வேலி ரயில்ரோடு என்ற நிறுவனம் ஓட்டுகிறது. 1985 வெள்ளத்தில் போன, டர்பின் ஊருக்கும் காஸுக்கும் இடையிலான ஆற்றோரப் பாதையின் 15 மைலும் சீர்செய்யப்பட்டு, 2023 முதல் அங்கேயும் ரயில் ஓடுகிறது. காஸுக்குத் தெற்கே பழைய பாதை மறுபடி தண்டவாளம் காணவில்லை. ஆற்றோரமாக நடக்கவும் சைக்கிள் விடவும் நீண்ட தடமாகிவிட்டது.

போக நினைப்பவர்களுக்கு: வசந்தத்தின் பிற்பகுதியிலிருந்து அக்டோபர் கடைசிவரை மலை ரயில் உண்டு. அக்டோபரில் இலை நிறம் மாறும்போது கூட்டம் அதிகம், முன்பதிவு அவசியம். பால்ட் நாப் போய்வர நாலரை மணி நேரம் ஆகும். வண்டிகள் ஓடிவிடாதபடி எஞ்சின் கீழே இருந்து தள்ளிக்கொண்டு ஏறுவதால், பின்பெட்டியில் இருப்பவர்களுக்குத்தான் சத்தமும் கரித்தூளும் முழுசாகக் கிடைக்கும். வெள்ளைச் சட்டை வேண்டாம். 4,842 அடி உயரச் சிகரத்தில் ஜூலையிலும் குளிரும், ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். வானம் தெளிவாக இருந்தால் மேலே இருந்து கிரீன் பேங்க் ரேடியோ தொலைநோக்கி தெரியும். அதற்காக இந்த வட்டாரத்தில் ரேடியோ அலைகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் கைபேசியை நம்பிப் போகாதீர்கள். வழியைத் தாளில் குறித்துக்கொள்வது நல்லது.