இளையோர் நாவலை வாசிப்பவர் யார்?

ஒரு நாவல் இளையோருக்கு உரியதா, பெரியோருக்கு உரியதா என்பதை எழுதியவரே தீர்மானிக்கிறார் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பெரும்பாலும் அம்முடிவு பதிப்பகத்தாரின் மேசையில்தான் எடுக்கப்படுகிறது.

அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் கார்மியர், ‘தி சாக்லேட் வார்’ நாவலை இளையோருக்கென்று எழுதவில்லை. இது இளையோர் நாவல் என்று எடுத்துரைத்தவர் அவருடைய முகவர். 1974இல் அவ்வாறே வெளிவந்தது. பள்ளிக்காகச் சாக்லேட் விற்க மறுக்கும் மாணவன் ஒருவன் இறுதியில் அடிபட்டு வீழ்கிறான். அந்நூலைப் பள்ளிகளிலிருந்து அகற்றவேண்டும் எனப் பெற்றோர் பலர் போராடினர். பெரியோர் நூலாக வந்திருந்தால் இத்தனை எதிர்ப்பு எழுந்திராது என்பது என் கருத்து.

மார்கஸ் சூசாக்கின் ‘தி புக் தீஃப்’ இன்னும் வியப்பானது. 2005இல் ஆஸ்திரேலியாவில் பெரியோர் நாவலாக வந்தது, 2006இல் அமெரிக்காவில் இளையோர் நாவலாயிற்று. கதை அதேதான்; கடல் கடந்ததும் வாசகரின் வயது மாறிவிட்டது!

பத்தாம் வகுப்பில் பயிலும் என் மகள் இந்நூலை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, “மரணமே கதை சொல்கிறதாம், பருவப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?” என்றார் என் மச்சான். மகள் என் முகத்தைப் பார்த்தாள். படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். மூன்று இரவுகள் ஆயின. நாஜி ஜெர்மனியில், நிலவறைச் சுவரில் வண்ணத்தால் சொற்களை எழுதி, வளர்ப்பு மகளுக்கு எழுத்தறிவிக்கிறார் ஏழைப் பெயின்டர் ஒருவர். நாள்தோறும் கரும்பலகையில் அலிஃப், பே எழுதிக் காட்டும் எனக்கு அவ்விடத்தைக் கடந்து செல்ல மனம் வரவில்லை. துயரம் நிறைந்த நூல்தான். எனினும் தடுப்பதற்கு அதில் ஒன்றுமில்லை என்று மச்சானிடம் சொன்னேன். அவர் இசையவில்லை. நூலை மகளிடமே கொடுத்துவிட்டேன்.

இந்நூல்களை இளையோர் மட்டுமா வாசிக்கின்றனர்? அமெரிக்காவில் பவுக்கர் நிறுவனம் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, இளையோர் நூல்களை வாங்குவோரில் 55 விழுக்காட்டினர் 18 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். பிள்ளைகளுக்காக வாங்கியிருப்பர் என்று தோன்றலாம். அவர்களுள் பெரும்பாலோர் தாம் வாசிக்கவே வாங்கியுள்ளனர்.

மகளும் படித்து முடித்தாள். அவள் வாய் ஓயாமல் பேசியது அச்சிறுமியின் தோழன் ரூடியைப் பற்றி. வளர்ப்புத் தந்தையைப் பற்றி நான் கேட்டேன்.

“அவர் நல்லவர்தான் வாப்பா” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு, மீண்டும் ரூடியிடம் போய்விட்டாள்.