கசோபனும் நாமும்

ஜார்ஜ் எலியட்டின் 'மிடில்மார்ச்' நாவலை முதன்முறை வாசித்தபோது நமக்கு வயது 22. முதுகலைத் தமிழ் பயின்றுகொண்டிருந்த காலம். அவ்வளவு பெரிய ஆங்கில நூலை அகராதியின் துணையோடுதான் கடக்க முடிந்தது. 1871 டிசம்பரில் தொடங்கி ஓராண்டுக்காலம் எட்டுப் பகுதிகளாக வெளிவந்த நாவல் அது. வாசித்து முடிக்க நமக்கும் ஏறத்தாழ அவ்வளவு காலம் பிடித்தது.

அன்று நாம் டொரோத்தியாவின் பக்கம் நின்றோம். இருபது வயது நிரம்பாத அப்பெண், அறிவின்மீது கொண்ட தாகத்தால் கசோபன் என்னும் பாதிரியாரை மணக்கிறாள். நாற்பத்தைந்தைத் தாண்டிய அவர், உலகப் புராணங்கள் அனைத்தையும் திறக்கும் ஒற்றைத் திறவுகோலாக ஒரு பெருநூல் எழுத விரும்பி, ஆண்டுக்கணக்கில் குறிப்புகள் சேர்க்கிறார். நூல் மட்டும் எழுதப்படுவதே இல்லை. ஜெர்மானிய அறிஞர்கள் அத்துறையில் வெகுதூரம் சென்றுவிட்டதையும், அம்மொழி அறியாத கசோபன் வீணே உழைப்பதையும் உறவினன் லாடிஸ்லா அவளிடம் சொல்லிவிடுகிறான். அவ்விடத்தில் நாம் வாய்விட்டுச் சிரித்தோம்.

சென்ற கோடை விடுமுறையில் நாவலை மீண்டும் எடுத்தோம். அதே இடத்தில் இம்முறை சிரிப்பு வரவில்லை. நமது மேசைக்கடியில் மூன்று காலணிப் பெட்டிகள் உள்ளன. சங்கப் பாடல்களின் உவமைகளை எழுதிச் சேர்த்த அட்டைகள் அவற்றில் நிறைந்திருக்கின்றன. பத்தொன்பது ஆண்டு உழைப்பு. நூல் எப்போது வரும் என்று மாணவர் கேட்டால், 'அகநானூற்றில் இன்னும் சிறிது பாக்கி' என்போம். இப்போது யாரும் கேட்பதில்லை. நமக்கு வயது 46.

இருபத்தொன்பதாம் அத்தியாயத்தில் கதைசொல்லி டொரோத்தியாவைச் சற்றே நிறுத்திவைத்து, கசோபனின் மனத்துக்குள் நம்மை அழைத்துச் செல்கிறார். இளமையில் கவனியாமல் கடந்த பக்கங்கள் அவை. சோம்பல் அன்று, அச்சமே அம்மனிதரின் நோய் என்பது இப்போதுதான் விளங்கிற்று. முடிக்கப்படாத நூலை எவரும் குறைகூற இயலாதல்லவா?

கசோபனுக்கு மூலம் யார் என்று வினவியபோது எலியட் தம் நெஞ்சையே சுட்டிக் காட்டினார் என்று மயர்ஸ் என்பவர் பதிவு செய்திருக்கிறார். மேரி ஆன் எவன்ஸ் என்ற இயற்பெயர் கொண்ட அவருடைய முதற்கதை 1857இல் அச்சேறியபோது அவருக்கு வயது 37. தயக்கத்தின் சுமையை அவர் அறிந்திருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது.

தம் காலத்துக்குப் பின்னும் தம் விருப்பப்படி நடப்பதாக மனைவியிடம் வாக்குக் கேட்கிறார் கசோபன். தம் நூற்பணியை அவள் தலையில் சுமத்துவதே அவர் நோக்கமென்று அவள் அஞ்சுகிறாள். மறுமொழி சொல்ல அவள் தோட்டத்துக்கு வரும்போது அவர் உயிரோடில்லை. நம் மகள் பொறியியல் படிக்கிறாள். இப்பெட்டிகளை அவள் கையில் ஒப்படைக்க நமக்கு எந்த உரிமையும் இல்லை.

சென்ற வாரம் முதற்பெட்டியை மட்டும் திறந்து, குறுந்தொகை உவமைகள் குறித்து எட்டுப் பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினோம். அதில் குறைகள் உண்டு. ஆயினும் ஓர் இதழுக்கு அனுப்பிவிட்டோம்.