ஆட முடியாத ஆட்டப் பெட்டி

நாத்தனார் மகன் வெளிநாட்டிலிருந்து வந்தபோது லெகோ கட்டைகளில் செய்கிற 'பேக்-மேன்' பெட்டி கொண்டு வந்தான். காசு போட்டு ஆடும் அந்த மெஷின் ஜப்பானில் 1980-ல் வந்ததாம். மஞ்சள் வாயன் ஒருவன் புள்ளிகளைத் தின்றுகொண்டே பேய்களிடம் சிக்காமல் ஓடுவான். அதன் மாதிரிதான் 2023-ல் வெளியான இது.

மொத்தம் 2,651 துண்டுகள்! முறத்தில் கொட்டி நிறம் பிரிப்பதற்குள் இடுப்பு விட்டுப் போச்சு. ப்ளஸ் டூ மார்க் விஷயமாகப் பிள்ளையுடன் பேசாமலே இருந்த என் வீட்டுக்காரர், நாலாம் நாள் ராத்திரி, "அந்த நீலத் துண்டை எடுடா" என்றார். நான் அடுப்படியை விட்டு வெளியே வரவேயில்லை.

பக்கத்துக் கைப்பிடியைச் சுற்றினால் வாயனும் பேய்களும் நகர்கிறார்கள். காசு போடும் இடத்தில் வெளிச்சம் வருகிறது. ஆனால் ஆட முடியாது, பார்க்க மட்டும்தான். அமெரிக்காவில் வெளியானபோது விலை சுமார் 270 டாலர். அந்தக் காசில் சின்ன ஃப்ரிட்ஜே வாங்கலாமே, அம்மா!

18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது. தவழும் குழந்தை உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம், துண்டுகள் நேரே வாய்க்குத்தான் போகும். தூசி தட்டப் பழைய பெயின்ட் பிரஷ் போதும்.