அம்மா உடம்பு எப்படி இருக்கு?

ஒரு தந்தியை வைத்து நீர்மூழ்கிக் கப்பலுக்குத் தூண்டில் போட்ட கதை தெரியுமா உங்களுக்கு?

1971 நவம்பர். பாகிஸ்தானின் 'காஸி' நீர்மூழ்கி, நம்முடைய விமானம் தாங்கிக் கப்பலான 'விக்ராந்த்'தைத் தேடி வங்கக் கடலுக்குள் வந்துகொண்டிருந்தது. அப்போது நம் கிழக்குக் கடற்படைக்குத் தலைவர் வைஸ் அட்மிரல் என்.கிருஷ்ணன். நாகர்கோவில்காரர். விக்ராந்த்தை அந்தமான் பக்கம் ஒளித்து வைத்துவிட்டார். ஆனால், அது விசாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது என்று எதிரி நம்ப வேண்டும். 'ராஜ்புத்' என்ற வயதான கப்பலைக் கடலுக்குள் அனுப்பி, ஏதோ பெரிய கப்பல் மாதிரி வயர்லெஸ்ஸில் ஓயாமல் பேச வைத்தார். கூடவே இன்னொரு வேலையும் செய்தார். கட்டுப்பாட்டை யாரோ மறந்துவிட்டதுபோல, ஒரு மாலுமி வீட்டுக்குக் கொடுக்கிற தந்தி ஒன்றைப் போகவிட்டார். நோயில் படுத்திருக்கும் அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிற தந்தி!

டிசம்பர் 3-ம் தேதி நள்ளிரவையொட்டி விசாகப்பட்டினத்துக்கு வெளியே காஸி மூழ்கியது. ராஜ்புத் போட்ட குண்டுகளால் என்கிறோம் நாம். அதனிடம் இருந்த கண்ணிவெடியே வெடித்துவிட்டது என்கிறார்கள் அவர்கள். அந்த வழக்கு நமக்கு வேண்டாம். என்னை யோசிக்க வைப்பது அந்தத் தந்திதான். எவ்வளவோ பொய் சொல்லியிருக்கலாமே, அட்மிரலுக்கு ஏன் அம்மா உடம்பு ஞாபகத்துக்கு வந்தது? எந்த ராணுவக்காரனும் எழுதுகிற வரி அது. ஒட்டுக்கேட்கிறவனும் போன வாரம் அதையே எழுதியிருப்பான். சந்தேகமே வராது.

அதே நவம்பரில் அதே வரியை நான் திண்டிவனத்தில் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். ஆறாம் வகுப்பு. கிடங்கல் பக்கம் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு ஆயா. பிள்ளை மிலிட்டரியில். மெட்ராஸ் சாப்பர்ஸ் - பாலம் போடுவது, கண்ணிவெடி எடுப்பது அவர்கள் வேலை. ராணுவத்தில் அந்தப் படைக்காரர்களுக்குச் செல்லப்பெயரே 'தம்பி'தான். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இன்லேண்ட் லெட்டர் வந்தால் ஓரம் கிழியாமல் பிரித்துப் படிப்பதும், பதில் எழுதுவதும் என் வேலை. கூலி, ஒரு கை பொட்டுக்கடலை.

அனுப்புநர் இடத்தில் ஊர்ப் பெயர் இருக்காது. நம்பர், பெயர், யூனிட், அப்புறம் 'கேர் ஆஃப் 99 ஏ.பி.ஓ.' அவ்வளவுதான். கிழக்கு எல்லைப் பக்கம் இருப்பவர்களுக்கு 99, வடக்கிலும் மேற்கிலும் இருப்பவர்களுக்கு 56 என்பதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஆயா அதை ஓர் ஊர் என்றே முடிவு செய்துவிட்டார். யாராவது கேட்டால், "எம் புள்ள தொண்ணூத்தொம்போதுல கீறான்" என்பார். அங்கே மழை உண்டா, அரிசி கிடைக்குமா என்று தபால்காரரை வேறு குடைவார். பாவம், அவர் என்ன சொல்வார்?

கடிதத்தில் என்ன இருக்கும் என்கிறீர்கள்? 'இங்கு நான் நலம். அங்கு தங்கள் நலமறிய ஆவல். அம்மா உடம்பு எப்படி இருக்கு? மாடு கன்று போட்டதா? ஏரி நிரம்பியதா?' எங்கே இருக்கிறார், என்ன செய்கிறார், பயமாக இருக்கிறதா... ஒரு வார்த்தை இருக்காது. எழுதக் கூடாது என்பது உத்தரவு. உத்தரவே இல்லாவிட்டாலும் அவர் எழுதியிருக்க மாட்டார் என்றுதான் இப்போது தோன்றுகிறது. ஆபீஸர் கை வைப்பதற்கு முன்பே பிள்ளையின் கை அடித்துவிடும்.

ஆயா ஏமாறவில்லை. நான் படித்து முடித்ததும் கேட்பார்:

"எத்தினி வரி எய்திருக்கான்?"

விரலை வைத்து எண்ணுவேன். "பதினாறு ஆயா."

"போன தபா?"

"இருபத்திரெண்டு."

ஒன்றும் பேசாமல் சுருக்குப் பையை அவிழ்த்து வெற்றிலையைத் தேடுவார். ஆறு வரி எங்கே போனது என்று அவருக்குத் தெரியும்போல.

அந்த மாதம்தான் ஆயாவுக்குக் காய்ச்சல். விட்டு விட்டு வந்தது. கயிற்றுக் கட்டிலில் சுருண்டபடியே பதில் சொன்னார். "காய்ச்சல்னு எய்தாதடா. அவன் அங்க துப்பாக்கிய புடிப்பானா, என்னிய நெனப்பானா? சௌக்கியம்னு எய்து, போதும்." எழுதினேன். மூச்சு வாங்கியது, அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. நாலு வரியில் ஒட்டிப் பெட்டியில் போட்டேன்.

டிசம்பர் 3-ல் போர். 16-ல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்துவிட்டது. தெருவே ரேடியோ முன்னால் கூடிக் கைதட்டியது. ஆயா வரவில்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் மட்டும் வாசலுக்கு வருவார். கையில் இருப்பது தந்தி இல்லை என்று தெரிந்த பிறகுதான் திண்ணையில் உட்காருவார். அந்த மாதக் கடைசியில் ஒரு கடிதம் வந்தது. 'நான் நலம்' என்று பிரித்ததுமே கூவிவிட்டேன். ஆயா, "தேதி பாரு" என்றார். நவம்பர் 28. அன்றைக்கு நலம். போருக்கு முன்னால் எழுதியது. அந்தக் கடிதத்தை நான் அன்று மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அதே தேதிதான்.

ஜனவரியில் அடுத்தது வந்தது. இருபத்தாறு வரி.

அந்தக் கடிதங்களையெல்லாம் ஆயா கூரைக்கு அடியில் ஒரு கம்பியில் குத்தித் தொங்கவிட்டிருந்தார், மளிகைக் கடை ரசீது மாதிரி. கூரையைப் பிரித்து ஓட்டு வீடு கட்டியபோது கம்பியோடு போயிற்று. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், முதல் உலகப் போருக்கு இந்தியாவிலிருந்து சுமார் 13 லட்சம் பேர் போனார்கள். பிரான்ஸில் இருந்த நம் சிப்பாய்களின் கடிதங்களைப் பிரித்துப் படிக்க வெள்ளைக்காரன் பூலோன் என்ற ஊரில் ஓர் ஆபீஸே வைத்திருந்தான். சிப்பாய்கள் லேசுப்பட்டவர்களா? இந்தியச் சிப்பாய்க்குக் கறுப்பு மிளகு, வெள்ளைக்காரனுக்குச் சிவப்பு மிளகு என்று பெயர் வைத்து, எது தீர்ந்துபோகிறது என்று ஊருக்கு விலாவாரியாக எழுதினார்கள். சென்ஸார்காரர்களுக்கும் அது புரிந்தது. சந்தேகப்பட்ட வரிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து அறிக்கை எழுதினார்கள். அந்த அறிக்கைகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. வேவு பார்த்தவன்தான் காப்பாற்றியும் வைத்திருக்கிறான்! அவற்றிலும் பெரும்பாலும் பஞ்சாப், வடமேற்குப் பக்கத்து ஆட்களின் குரல்தான். பிரான்ஸுக்குப் போன காலாட்படையில் அவர்கள்தான் அதிகம்.

நம் பக்கத்திலும் ஆட்கள் போகாமல் இல்லை. தமிழ்நாட்டில் சில ஊர்களில் இன்றும் கல்வெட்டு இருக்கிறது - இந்தக் கிராமத்திலிருந்து 1914-19 போருக்கு இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் திரும்பவில்லை என்று. எண்ணிக்கை மட்டும்தான். அம்மா உடம்பு எப்படி என்று அவர்கள் கேட்டது எந்தக் கம்பியில் போனதோ.

இப்போது போன் வந்துவிட்டது. 2013-ல் தந்தியும் நின்றுபோனது. ஆனால், வீட்டுச் செய்தி வழியாக ரகசியம் ஒழுகிவிடுமோ என்ற பயம் மட்டும் போகவில்லை. ஃபேஸ்புக் உட்பட 89 ஆப்களை போனிலிருந்து அழித்துவிடச் சொல்லி 2020-ல் ராணுவம் தன் ஆட்களுக்கு உத்தரவு போட்டது.

ஆயாவின் பிள்ளை விழுப்புரத்தில், ஜங்ஷனுக்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கிறார். எண்பதை நெருங்குகிறார். ஆயா போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். நான் எழுதிய கடிதங்கள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஏதுடா? எல்லையத் தாண்டுறதுக்கு மொத நாளு, பையில இருக்கிற காயிதம் எல்லாத்தையும் கொளுத்திட்டோம். ஊரு, பேரு எதுவும் மாட்டக் கூடாதில்ல?" என்றார். அப்புறம் அவராகவே, "அம்மா அப்ப காய்ச்சலா கெடந்துச்சு, இல்ல?" என்றார்.

"சௌக்கியம்னுதானே அண்ணே எழுதினேன்! ஆயா சொன்னாங்களா அப்புறம்?"

"அது எங்க சொல்லும்? எப்பவும் மாட்டுக் கதை, பக்கத்து வூட்டு சண்டை எல்லாம் ரொப்பி அனுப்புவீங்க. அன்னிக்கு நாலே வரி வந்துது."