பாய்மரம் கண்ட பாட்டனார்

அல்சூர் ஏரியை அறியாத அன்பர் நம் சங்கத்தில் இலர். மதராஸ் சாப்பர்ஸ் படையினர் அவ்வேரியில் சிறு பாய்ப்படகுகளைச் செலுத்திப் பழகுவது வழக்கம். சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு காலையில் எம் தந்தையாருடனும் மகளுடனும் அதன் கரையில் அமர்ந்திருந்தோம்.

“தாத்தா, அந்தப் படகு ஏன் நேராகப் போகாமல் கோணலாகப் போகிறது?” என்று வினவினாள் சிறுமி.

“காற்று எதிரே வருகிறதம்மா. எதிர்காற்றில் எந்தப் பாயும் நேரே போகாது. கொஞ்சம் வலப்பக்கம், கொஞ்சம் இடப்பக்கம் என்று மாறி மாறித்தான் முன்னேற வேண்டும்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

தந்தையார் எம் முகத்தைப் பார்த்தார். நாம் தலை கவிழ்ந்தோம்.

அதற்குக் காரணம் உண்டு. அவர் இளமையில் தூத்துக்குடித் தோணியில் பாய் இழுத்த தொழிலாளி. வெங்காய மூட்டைகளுடன் கொழும்புக்குச் சென்று மீண்டவர். தோணிகளுக்கு விசைப்பொறி பூட்டப்பட்ட பின் அவருக்கு அங்கே வேலை இல்லாமற் போயிற்று. பெங்களூருக்கு வந்தார், கடலில் ஏற்றிச் சென்ற வெங்காயத்தை யஷ்வந்த்பூர் மண்டியில் முதுகில் சுமந்து எம்மைப் படிக்க வைத்தார். ஐந்தாம் வகுப்பில் ஆசிரியர் தந்தையின் தொழிலைக் கேட்டபோது, நாம் வெட்கப்பட்டு, “வியாபாரம்” என்றோம். அச்செய்தி அவர் செவிக்கும் எட்டிற்று. அவர் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் அதன்பின் நம் வீட்டில் கடலைப் பற்றி அவர் ஒரு சொல்லும் பேசியதில்லை.

சிறுமியின் கேள்வி எம்மை உறங்கவிடவில்லை. அடுத்த விடுமுறையிலேயே ரயில்வே பாஸ் பெற்று, மூவரும் தூத்துக்குடி வண்டியில் ஏறினோம்.

பழைய துறைமுகத்தில் மரத்தோணிகள் நின்றன. அனைத்தும் விசைப்பொறி பூண்டவை. தந்தையார் ஒரு தோணியின் பக்கப்பலகையை நெடுநேரம் தடவிக்கொண்டு நின்றார். பின்பு கடலோரச் சிற்றூர்களைப் பார்க்கப் புறப்பட்டோம். பாண்டியரின் முத்துத் துறையாயிருந்த கொற்கையும், பின்னர்ப் பெயர் பெற்ற பழையகாயலும் இன்று கடலைவிட்டு உள்ளே தள்ளிக் கிடக்கின்றன. தாமிரபரணி கொணர்ந்த வண்டல் அத்துறைகளைத் தூர்த்துவிட்டது. காயல்பட்டினம், திருச்செந்தூர் வழியாக மணப்பாடு சேர்ந்தோம். 1542இல் சவேரியார் வந்திறங்கிய கடற்கரை அது. குன்றின்மேல் 1581இல் எழுந்த திருச்சிலுவைக் கோயில் நிற்கிறது.

அக்குன்றின்மேல்தான் தந்தையார் வாய் திறந்தார். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது சோழகம், கிழக்கே கொண்டல், மேற்கே கச்சான் என்று பேத்திக்குக் கைநீட்டிக் காட்டினார். தண்டல் குரல் கொடுத்ததும் பாயை மாற்றிக் கட்டும் விதத்தைத் தம் மேல்துண்டைக் கொண்டே விளக்கினார். இலங்கையின் வல்வெட்டித்துறையில் தமிழர் கட்டிய ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல், 1938இல் அட்லாண்டிக் கடலைக் கடந்து அமெரிக்காவின் குளோஸ்டர் துறையை அடைந்த வரலாற்றையும் கூறினார். நாம் இழிவென்று மறைத்த தொழில் உலகின் மறுகரை வரை சென்ற தொழில் என்பதை அன்றே அறிந்தோம்.

சிறுமி சற்று அப்பால் சென்றபோது, “அப்பா, பள்ளியில் அன்று பொய் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள்” என்றோம். குரல் தழுதழுத்தது.

“அதிலென்ன பொய்? வெங்காயம் ஏற்றியதும் வியாபாரந்தானே!” என்று சிரித்தார். ஆயினும் அவர் கண்கள் கடலைவிட்டு மீளவில்லை.

இப்பொழுது ஞாயிறுதோறும் பாட்டனாரும் பேத்தியும் அல்சூர்க் கரைக்குச் செல்கின்றனர். காற்று திரும்புமுன்பே, “இனிப் பாயை மாற்றுவான், பார்!” என்கிறார் அவர். அவ்வாறே நிகழும்போது சிறுமி கைகொட்டுகிறாள்.

பிழைக்க வந்த ஊரில் நாம் பலவற்றை மறைத்து வாழ்கிறோம். அன்பர்களே, உங்கள் வீட்டுத் திண்ணையிலும் ஒரு முதியவர் பேசாமல் அமர்ந்திருக்கக்கூடும். பிள்ளைகள் கேட்குமுன் நீங்களே அவரிடம் கேளுங்கள்.