கறுப்புத் திரையில் ஒரு கேள்வி



2006ஆம் ஆண்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை நடத்திவந்த பெரியவர் ஒருவர் வஃபாத்தான பின், பட்டறையின் பழைய கணினியை அவருடைய மகன் எங்கள் மக்தபுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். விண்டோஸ் 98 இருந்த பெட்டி. எக்ஸ்பி வந்தே ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன; ஆயினும் கணினியே இல்லாத எங்களுக்கு அது பெரிய நிஃமத்து.

விசையை அழுத்தியதும் வழக்கமான மேகப்படம் வரவில்லை. கறுப்புத் திரையில், ஆங்கில எழுத்துகளில் எழுதிய தமிழாக ஒரு வரி நின்றது: ‘கூலி கொடுத்தாச்சா?’ ஏதேனும் ஒரு விசையைத் தட்டும்வரை கணினி மேலே நகரவில்லை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மார்க்கக் கல்வி நடக்கும் இடத்தில் பட்டறை வாசகம் எதற்கு என்று எனக்குத் தோன்றிற்று.

அருகே பிரவுசிங் சென்டர் வைத்திருந்த தம்பி வழி சொல்லித் தந்தார். சி டிரைவில் ஆட்டோஎக்ஸெக்.பேட் என்றொரு கோப்பு உண்டு. கணினி எழும்போது அதிலுள்ள கட்டளைகளை ஒவ்வொன்றாக நிறைவேற்றும். ‘எக்கோ’ என்பதன் பின் எழுதியது திரையில் தோன்றும். ‘பாஸ்’ என்று எழுதினால் விசைக்காகக் காத்து நிற்கும். மேகப்படம் குறுக்கிடாதிருக்க, எம்எஸ்டாஸ்.சிஸ் எனும் மறைகோப்பில் ‘லோகோ=0’ என்றும் பெரியவர் எழுதியிருந்தார். லேத் பட்டறைக்காரர் இதையெல்லாம் எப்படிக் கற்றார் என்பது இன்றும் எனக்கு வியப்பே.

இரண்டு வரிகளையும் அழித்தேன். அந்தக் கறுப்புத் திரைக்குத் தமிழெழுத்தும் தெரியாது, அரபு எழுத்தும் தெரியாது. எனவே எழுத்தைப் படமாக வரைய வேண்டியிருந்தது. 320க்கு 400 புள்ளி, 256 நிறம் என்ற அளவில் பெயிண்டில் பிஸ்மில்லாஹ்வை வரைந்து, லோகோ.சிஸ் என்று பெயரிட்டு வைத்தால் மேகத்தின் இடத்தில் அது வரும். திரையில் படம் பக்கவாட்டில் விரிவதால் முதலில் ஒடுக்கி வரைய வேண்டும். மூன்று மாலைகள் செலவாயின. படம் தோன்றியபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

சில மாதங்கள் கழித்து அந்த மகன் வந்தார். “ஹஜ்ரத், ஒருமுறை ஆன் பண்ணிக் காட்டுங்களேன். அத்தா எழுதினது வருமே” என்றார்.

படம் வந்தது. அவர் “மாஷா அல்லாஹ், அழகா இருக்கு” என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெல்லச் சொன்னார். ஒரு சனிக்கிழமை, கணக்கு முடியவில்லை என்று அத்தா கூலியைத் திங்களுக்குத் தள்ளிவிட்டாராம். ஞாயிறன்று ஒரு தொழிலாளி தம் குழந்தையை மருத்துவரிடம் காட்டக் கடன் கேட்டு அலைந்தது பின்னர்தான் தெரிந்ததாம். அந்த வாரமே அத்தா அந்த வரியை எழுதிவைத்தார்.

கூலியாளின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்னும், இப்னு மாஜாவில் பதிவான ஹதீஸை ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறவன் நான்.

நகல் எடுத்துவைக்கவில்லை. மீண்டும் தட்டச்சு செய்ய அமர்ந்தேன். ‘கூலி’க்கு அவர் இரண்டு ‘ஓ’ போட்டிருந்தாரா, ஒரு ‘யு’வா என்பது நினைவில்லை. “ஒரே யு” என்றார் மகன் உடனே. அந்த வரி தெரிய வேண்டுமானால் படம் போக வேண்டும். லோகோ மீண்டும் பூஜ்யமாயிற்று. அணைக்கும்போது தோன்றும் லோகோஸ்.சிஸ் படத்தில் மட்டும் ‘அல்ஹம்துலில்லாஹ்’ வரைந்து ஆறுதலடைந்தேன்.

மறுநாள் பிள்ளைகள் அதை விளையாட்டாக்கிவிட்டார்கள். திரையில் கேள்வி வந்ததும் “கொடுத்தாச்சு!” என்று ஒரே குரலில் கூவி விசையைத் தட்டினார்கள். வாசலில் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

“யாருக்குக் கொடுத்தாச்சு, அசரத்து?”

சந்தா வசூல் குறைவு என்று அவருடைய இரண்டு மாதச் சம்பளத்தை நான்தான் நிறுத்தி வைத்திருந்தேன். பிள்ளைகளை ஓதச் சொல்லிவிட்டு எழுந்து, முத்தவல்லியின் வீட்டுக்கு நடந்தேன்.